பட்டறிவு: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

சொல் விளக்கம் கேட்டு இம்முறை வந்த வினாக்களில் பெரும்பாலானவை 'பட்டறிவு' என்ற ஒரே சொல்லைப் பற்றியவை. ஆகவே அவற்றை ஓரிடத்தில் தொகுத்து விடை தருகிறோம்.

கேள்வி: 'அனுபவம்' என்பதற்குத் தமிழில் 'பட்டறிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். பட்டறையில் வேலை செய்து பெறுகின்ற அறிவு என்பதால் இப்பெயர் வந்தது என்று ஒருவர் மேடையில் விளக்கினார். பட்டம் பெற்றவரின் அறிவு என்று பொருள் கொள்வாரும் இருக்கின்றனர். இச்சொல்லை எப்படிப் பிரிப்பது?

பதில்: இரண்டு விளக்கங்களும் பொருந்தா. அதற்கான சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சொல்லின் புணர்ச்சியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'பட்டறை' ஐகாரத்தில் முடியும் சொல். அதன் பின் 'அறிவு' வந்தால் இடையில் யகர உடம்படுமெய் தோன்றிப் 'பட்டறையறிவு' என்று ஆகுமே ஒழிய, 'றை' முழுவதும் மறைந்துபோகாது. 'பட்டம்' என்பதோடு 'அறிவு' சேர்ந்தால், மரம் + அடி 'மரவடி' ஆவதுபோல, ஈற்று மகரம் கெட்டு வகரம் தோன்றிப் 'பட்டவறிவு' ஆகும். 'பட்ட' என்ற பெயரெச்சமாகக் கொண்டு பிரித்தாலும் அதே 'பட்டவறிவு'தான் கிடைக்கும். எஞ்சுவது பட்டு + அறிவு என்ற பிரிப்பு ஒன்றே. 'பட்டு' என்பதன் ஈற்றில் நிற்பது வன்தொடர்க் குற்றியலுகரம். வருமொழி முதலில் உயிர் வந்தால் அந்த உகரம் கெடும். கெட்டபின் நிற்கும் டகர மெய்யோடு அகரம் சேரப் 'பட்டறிவு' இயல்பாக அமைகிறது.

இங்குள்ள 'பட்டு' ஆடைக்குரிய பட்டு அன்று. 'படு' என்னும் வினையின் இறந்தகால வினையெச்சம். கு, டு, று ஆகியவற்றில் முடியும் குறிலிணை வினையடிகள் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவது தமிழின் பழைய இயல்பு. புகு 'புக்கு' என்றும், கெடு 'கெட்டு' என்றும், பெறு 'பெற்று' என்றும் ஆவதுபோலப் படு 'பட்டு' ஆகிறது. (படு என்பதற்குப் 'படுத்து' என்ற வடிவமும் உண்டு, நல்லவேளையாக, நம் சொல் அதிலிருந்து பிறக்கவில்லை.) ஒன்று தன்மேல் பட்டு, அதனால் அறிவது பட்டறிவு.

வினையெச்சம் முன்னே நிற்க, அதன் பின் 'அறி' வந்து சேரும் இவ்வமைப்பு தமிழில் ஒரு குடும்பமாகவே இருக்கிறது. கண்டறிதல், கேட்டறிதல், கற்றறிதல், ஆய்ந்தறிதல், பகுத்தறிதல், பட்டறிதல் என்று அடுக்கிப் பார்த்தால், அறிவு எந்த வாயில் வழியே வந்தது என்பதை முன்னால் நிற்கும் எச்சம் சொல்லிவிடுவது விளங்கும். 'பகுத்தறிவு' என்பதைப் பகுத்து + அறிவு என்று பிரிக்கத் தயங்காதவர், 'பட்டறிவு' என்ற இடத்தில் மட்டும் பட்டறைக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் போய்த் தேடுவதற்குக் காரணம், 'பட்டு' என்ற எச்சம் இன்று தனியாக நின்றால் பெரும்பாலும் துணியையே நினைவூட்டுவதாக இருக்கலாம்.

கேள்வி: இது தனித்தமிழ் ஆர்வலர்கள் அண்மையில் உருவாக்கிய சொல்லா, பழைய வழக்கா?

பதில்: பரப்பியது வேறு, படைத்தது வேறு. 1916ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழியில், வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தவர்கள் 'அனுபவம்' என்பதற்கு நேராகப் 'பட்டறிவு' என்பதை எடுத்து நிறுத்தினர். உரைநடையில் அது பரவியது அவர்களால்தான். ஆனால் அவர்கள் அதை வெறுங்கையால் புனையவில்லை. 'பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி' என்று ஒரு பழமொழி உண்டு. துன்பம் பட்டு அறிந்துகொள், இழந்து அறிந்துகொள், பத்தோ எட்டோ கையிலிருந்து கட்டியாவது அறிந்துகொள் என்பது அதன் கருத்து. இறுத்தல் என்றால் செலுத்துதல். அரசனுக்கு வரி செலுத்துவதை 'இறை இறுத்தல்' என்றனர். அவ்வினை இன்று பேச்சில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. அது உள்ளே உறைந்து நிற்பதே இப்பழமொழி நேற்றுப் பிறந்தது அன்று என்பதைக் காட்டப் போதுமானது. 'பட்டறி' என்ற வினை மக்கள் வாயில் முன்பே இருந்தது. எழுத்தாளர்கள் அதைப் பெயராக்கி உரைநடைக்குக் கொண்டுவந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இன்னும் பின்னே சென்றால் இதன் உடன்பிறப்பு ஒன்றைக் காணலாம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல் நூற்பா, 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று தொடங்குகிறது. உறு என்பதன் எச்சமாகிய 'உற்று', அறிதலோடு சேர்ந்து தொடு உணர்வைக் குறிக்கிறது. 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்' என்று 1101ஆம் குறளிலும் அது வருகிறது. உறுதலும் படுதலும் பொருளால் மிக நெருங்கியவை என்பதைக் கண்ணகியின் வாயிலேயே கேட்கலாம். கணவன் கொலையுண்ட செய்தியறிந்து மதுரைத் தெருவில் புலம்பும் அவள், 'பட்டேன் படாத துயரம் படுகாலை, உற்றேன் உறாதது உறுவனே' என்கிறாள். ஒரே துயரை முதலில் படுதலாகவும் அடுத்து உறுதலாகவும் சிலப்பதிகாரம் இணைத்துச் சொல்கிறது. உற்றறிவு என்பது தோலால் அறியும் புலனுக்குரிய கலைச்சொல்லாக நின்றுவிட்டது. அதே அச்சில் அமைந்த பட்டறிவோ வாழ்வு முழுவதும் தன்மேல் படுவனவற்றால் வரும் அறிவுக்கு உரியதாயிற்று.

சொல் இல்லாத இடத்திலும் கருத்து இருந்திருக்கிறது. 'செய்வினை செய்வான் செயன்முறை அவ்வினை உள்ளறிவான் உள்ளம் கொளல்' என்பது 677ஆம் குறள். ஒரு செயலில் இறங்குபவன், அச்செயலின் உள்ளியல்பை அறிந்தவனுடைய கருத்தைப் பெற வேண்டும் என்கிறார் வள்ளுவர். அப்படி உள்ளறிந்தவன் யார் என்ற வினாவுக்கு, அவ்வினையை முன்னரே செய்து போந்தவன் என்று பரிமேலழகர் விளக்கம் தருகிறார். இன்று 'அனுபவசாலி' என்று நாம் சொல்பவரைத்தான் வள்ளுவர் 'உள்ளறிவான்' என்கிறார். அழகிய சொல், எடுத்தாள ஆளில்லாமல் கிடக்கிறது.

கேள்வி: 'படுதல்' என்றாலே துன்பம்தானே? அப்படியானால் மகிழ்ச்சியான நிகழ்வுகளிலிருந்து பெறும் அறிவைப் 'பட்டறிவு' என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஆனால் உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நான் பட்டது போதும்', 'பட்ட பாடு', 'பட்டால்தான் தெரியும்' என்று எந்த அடைமொழியும் இல்லாமல் படு தனித்து வரும்போது இன்றைய தமிழ்க் காது துன்பத்தையே கேட்கிறது. எனினும் வினையின் அடிப்படைப் பொருள் அதுவன்று. ஒன்றின்மேல் ஒன்று வந்து சேர்தல், நேர்தல், தாக்குதல் என்பதே அடிப்படை. வெயில் படுகிறது, கை படுகிறது, கண்ணில் படுகிறது என்னும்போது துன்பம் எங்கே இருக்கிறது? ஆசைப்படுகிறோம், பெருமைப்படுகிறோம், மகிழ்ச்சிப்படுகிறோம். இவற்றிலும் படுதல்தான் இருக்கிறது.

இதைவிட நுட்பமான வழக்கு ஒன்று உண்டு. 'அவர் சொல்வது சரியென்று எனக்குப் படுகிறது' என்கிறோம். 'புலப்படுதல்', 'தென்படுதல்' என்கிறோம். இங்கே படு, தோன்றுதலையும் உணரப்படுதலையும் குறித்து அறிதலின் எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே பட்டறிவில் உள்ள 'பட்டு' என்பதை 'அடிபட்டு' என்று மட்டும் சுருக்காமல், 'தன்மேல் நேராகப் பட்டு' என்று விரித்துக்கொள்வதே முறை. வேறொருவர் சொல்லக் கேட்டதோ ஏட்டில் படித்ததோ அன்று என்ற வேறுபாடுதான் அச்சொல்லின் உயிர். இன்பதுன்பக் கணக்கு அதற்கு அடுத்தபடிதான். ஆயினும், சுட்ட பின் தெரிந்துகொண்டதைச் சொல்லும்போது இச்சொல்லுக்கு வருகின்ற அழுத்தம் வேறெங்கும் வருவதில்லை. பழமொழியும் அந்தப் பக்கமே சாய்கிறது. எழுதுகிறவர் அதை மறைக்க வேண்டியதில்லை, பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: 'அனுபவம்', 'அனுபூதி', 'அனுபோகம்' மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்களா?

பதில்: முதல் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, மூன்றாவது வேறு. வடமொழியில் 'பூ' என்ற வேருக்கு ஆதல், இருத்தல் என்று பொருள். 'அனு' என்னும் முன்னொட்டுக்குப் பின், ஒட்டி, தொடர்ந்து என்று பொருள். ஒன்றை ஒட்டி நின்று உணர்தல் என்ற கருத்தில் அனுபவமும் அனுபூதியும் பிறந்தன. அனுபூதி தமிழில் இறையுணர்வுக்கே உரிய சொல்லாக ஒதுங்கிவிட்டது. அருணகிரிநாதரின் கந்தர் அனுபூதியால் அப்பெயர் பலருக்கும் பழக்கம். 'அனுபோகம்' நுகர்தலைக் குறிக்கும் 'புஜ்' என்ற வேரிலிருந்து வந்தது. போகம், போஜனம் ஆகியவற்றுக்கு உறவு. நிலம் வீடு பற்றிய வழக்குகளில் வரும் 'அனுபோக பாத்தியதை' இதிலிருந்து வந்ததே.

பொருளில் இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டதால்தான் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதுகிறார்கள்; அங்கே அனுபவித்தல் என்பதற்குத் துய்த்தல் என்றே பொருள். அதே வினை தண்டனைக்கும் வருகிறது. சொத்தை அனுபவிப்பவனும் உண்டு, சிறைத்தண்டனை அனுபவிப்பவனும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம், அறிவை நினைவு என்றும் அனுபவம் என்றும் இரண்டாகப் பிரித்து, நினைவல்லாத அறிவே அனுபவம் என்கிறது. தருக்க நூலாருக்கு அனுபவம் என்பது அந்தக் கணத்தில் நேரும் அறிதல். நேரில் காண்பதும் அதில் அடங்கும், உய்த்துணர்வதும் அடங்கும். 'அவருக்கு நல்ல அனுபவம் உண்டு' என்று நாம் பேசும்போதோ, கடந்துபோனவற்றிலிருந்து அவர் மனத்தில் தங்கியிருப்பதையே கருதுகிறோம். சாத்திரத்தில் நினைவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற சொல், பேச்சு வழக்கில் நினைவின் பக்கமே குடிபெயர்ந்துவிட்டது.

கேள்வி: நான் மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கிறேன். கட்டுரைகளில் 'அனுபவம்' வரும் இடங்களிலெல்லாம் 'பட்டறிவு' என்று மாற்றிவிடச் சிலர் வற்புறுத்துகிறார்கள். அப்படி மாற்றுவது சரியா?

பதில்: சரியன்று என்பதே எம் கருத்து. 'அனுபவம்' இன்றைய தமிழில் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒருவருக்கு நேர்ந்த நிகழ்வை அது குறிக்கிறது. அந்நிகழ்வை உள்ளே உணர்ந்து துய்ப்பதைக் குறிக்கிறது. அதன் பயனாக எஞ்சும் தெளிவையும் குறிக்கிறது. பட்டறிவு இவற்றுள் மூன்றாவதை மட்டுமே சொல்ல வல்லது, ஏனெனில் அச்சொல் 'அறிவு' என்று முடிகிறது. 'நேற்று எனக்கு ஒரு விசித்திரமான அனுபவம் ஏற்பட்டது' என்ற தொடரில் பட்டறிவை இட்டு எழுதினால் தொடர் நகைப்புக்கிடமாகும். நேற்று ஏற்பட்டது நிகழ்வு, அறிவு அன்று. 'இசை தந்த அனுபவம்' என்பதில் துய்ப்பு அல்லது நுகர்ச்சி பொருந்தும். 'துய்ப்பேம் எனினே தப்புந பலவே' என்று புறநானூறு (189) செல்வத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆளும் துய்த்தல் என்ற சொல், கலையைத் துய்ப்பதற்கும் நன்றாகவே இடம் தருகிறது. 'அனுபவத்தால் சொல்கிறேன்', 'அனுபவம் கற்றுத் தந்தது' போன்ற இடங்களில்தான் பட்டறிவு தன் சொந்த வீட்டில் இருக்கிறது.

எளிய சோதனை ஒன்று உண்டு. அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் அளக்கிறோம். 'பத்தாண்டு அனுபவம் உள்ளவர் தேவை' என்று விளம்பரங்கள் கேட்கின்றன. அந்த இடத்தில் 'பத்தாண்டுப் பட்டறிவு' என்று எழுதினால், அவர் பத்தாண்டும் எதையாவது கற்றுக்கொண்டே இருந்தார் என்று நாமே உறுதியளித்துவிடுகிறோம். ஒருவர் அதே பிழையைப் பத்தாண்டும் செய்துகொண்டிருந்திருக்கலாம். அவருக்கு அனுபவம் உண்டு, பட்டறிவு இல்லை. இவ்விரு சொற்களும் அருகருகே இருப்பது தமிழுக்குக் கிடைத்த வசதி என்றே கருதுகிறோம். கல்வியெல்லாம் அனுபவத்தின் வழியே வருவதென்றாலும் எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1938இல் விரிவாக வாதிட வேண்டியிருந்தது. தமிழில் அதை 'எல்லா அனுபவமும் பட்டறிவு ஆவதில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒன்றை அழித்து அந்த இடத்தில் மற்றொன்றை வைத்தால் அந்த வரியை எழுத வழியில்லாமல் போய்விடும்.

வடசொல்லை விலக்க விரும்புகிறவரின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. அவர் செய்ய வேண்டியது, ஒவ்வோரிடத்திலும் பொருளைப் பார்த்து நிகழ்வு, பட்டறிவு, துய்ப்பு, பழக்கம், பயிற்சி என்று வேறுவேறு சொல்லை இடுவது. அது உழைப்பு மிகுந்த வேலை. கணினியில் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் வசதி அவ்வுழைப்புக்கு ஈடாகாது.

கேள்வி: பிற மொழிகளிலும் இப்படிப் 'படுதலையும்' 'அறிதலையும்' இணைத்த சொல் உண்டா?

பதில்: மிக நெருங்கி வருவது கிரேக்கம். கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தில், மாந்தர் பட்டே அறிய வேண்டும் என்பது சீயஸ் கடவுள் வகுத்த விதி என்று பாடற்குழு பாடுகிறது. அங்குள்ள தொடர் 'பாதெய் மாதோஸ்'. படுதலால் அறிதல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸும் தம் வரலாற்று நூலில், நாடிழந்த லிடியா மன்னன் குரோசஸ், தான் பட்டவை கசப்பானவை என்றாலும் தனக்குப் பாடங்களாயின என்று பாரசீக வேந்தன் சைரஸிடம் சொல்வதாக, 'பாதேமாதா', 'மாதேமாதா' என்ற ஓசையொத்த இரு சொற்களை இணைத்து எழுதுகிறார். நம் 'பட்டறி, கெட்டறி'யின் ஓசையும் அப்படிப்பட்டதே. மாந்தர் இக்கருத்தைச் சொல்ல முனையும்போதெல்லாம் நாவுக்கு ஒரு தாளம் தேவைப்படுகிறது போலும்.

மற்ற மொழிகள் வேறு பக்கம் போயிருக்கின்றன. ஆங்கிலத்தின் 'எக்ஸ்பீரியன்ஸ்', முயன்று பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பரிசோதனையைக் குறிக்கும் 'எக்ஸ்பெரிமென்ட்' அதன் உடன்பிறப்பு. செருமானிய மொழியின் 'எர்ஃபாருங்' பயணம் செய்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. முயன்றறிவு என்றும் சென்றறிவு என்றும் அவற்றைச் சொல்லிப் பார்க்கலாம். நமது சொல்லில் மட்டும் அறிபவன் நின்ற இடத்திலேயே நிற்க, உலகம் வந்து அவன்மேல் படுகிறது.

கேள்வி: 'பாடம்' என்ற சொல்லும் 'படு' என்பதிலிருந்து வந்ததுதானா? 'பட்டுப் பாடம் கற்றான்' என்கிறோமே?

பதில்: இல்லை. படு என்பதன் முதல் நீண்டு வரும் தொழிற்பெயர் 'பாடு'. 'பட்ட பாடு' என்பதில் உள்ளது அதுவே. 'பாடம்' என்பது ஓதுதலைக் குறிக்கும் 'பட்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல். ஓசை ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே தொடரில் அழகாக அமர்கின்றன, அவ்வளவே.

கேள்வி: 'பட்டறிவு' என்பதை வினையாக்கிப் 'பட்டறிந்தேன்' என்று எழுதலாமா? 'பட்டரிவு' என்று இடையின ரகரம் இட்டு எழுதுவதும் காணப்படுகிறதே?

பதில்: 'பட்டறிந்தேன்', 'பட்டறிந்தவர்' என்பன முற்றிலும் சரி, மேலே காட்டியதுபோல வினைதான் முதலில் தோன்றியது, பெயர் அதிலிருந்து வந்தது. 'பட்டறிவு உடையவர்' என்று நீட்டுவதைவிடப் 'பட்டறிந்தவர்' என்பது சுருக்கமாகவும் இருக்கிறது. இடையின ரகரம் இட்டு எழுதுவது பிழை. அறிதல் வல்லின றகரத்துக்கு உரியது. ரகரம் இட்டால் அரிதல், அதாவது கத்தியால் நறுக்குதல், என்று பொருள் திரிந்துவிடும்.